எரிக்கச் சொன்ன குழாய்

"இந்தத் தப்பான சோதனைக் குழாய வச்சுப் பார்ப்போமே, டெலியா."

"தப்ப வச்சுக்கிட்டு என்ன பண்றது? எரிச்சுடு."

"சரி, எரிச்சுடறேன்."

நான்கு வருஷத்துக்கு முன் கணவன் ஒராசியோ சொன்னது. மனைவியின் ஆய்வகத்திலேயே உதவியாளன் அவன். படிகம் வளர்ப்பதில் மொந்தேவிதேயோவில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவள் கட்டுரைகளில் அவனுக்குக் கடைசி வரி நன்றியோடு சரி.

டெலியா ஆராயும் நொதி, அதாவது என்சைம், ஒரு பாக்டீரியாவுடையது. இரண்டு உருண்டைகள், நடுவே நூல்போல ஓர் இணைப்பு. வடிவத்தைப் படம்பிடிக்க அது படிகமாக வேண்டும்; நூல் நெளிந்துகொண்டே இருந்ததால் படிகமாக உறையவே மாட்டேன் என்றது. ஒன்பது வருஷப் போராட்டம். போன வாரம் போட்டி ஆய்வகமான போர்த்தோ அலெக்ரேக்காரர்கள் அதன் வடிவத்தை வெளியிட்டுவிட்டார்கள்.

"புரூனோதான் திருடியிருக்கணும் சார். இங்க படிச்சுட்டு அங்க ஓடினவன்," என்றாள் விசாரணை உதவியாளர் மிர்த்தா, குறிப்பேட்டில் ஏற்கெனவே அவன் பெயரை எழுதிவிட்டு.

பல்கலைக்கழக விசாரணை அதிகாரி பெந்தான்கோர் அச்சான படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த நூல்ல எத்தனை அமினோ அமில மணி கோர்த்திருக்கணும், டாக்டர்?"

"பதினொண்ணு."

"இங்க பன்னிரண்டு இருக்கு. எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். பன்னிரண்டுதான். மரபணுவைப் பிரதியெடுத்தபோது அவளே செய்த பிழை அது. நான்கு வருஷத்துக்கு முன் அந்த ஒரு குழாயில் மட்டும் இருந்தது, பிறகு திருத்திவிட்டாள்.

"அந்தக் கூடுதல் மணியாலதான் ரெண்டு உருண்டையும் மடங்கி, ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு அடங்கியிருக்கு. தப்பான குழாய்தான் படிகமாச்சு. அது எங்க?"

"நாலு வருஷம் முன்னாடியே எரிச்சாச்சு."

"புரூனோ எப்ப இங்க சேர்ந்தான்?"

"அதுக்கும் ஒரு வருஷம் கழிச்சு."

மிர்த்தா அந்தப் பெயரை மெதுவாக அடித்தாள். "அப்ப எரிச்சேன்னு சொன்னது யாரு, டாக்டர்?"

வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்த ஒராசியோ வழக்கம்போல மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினான். பதினாறு வருஷமாக இருவரும் ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சும் கசப்பு. டெலியா குடித்து முடித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "நன்றி," என்றாள்.

குவளையைக் கொடுத்து அப்படிச் சொன்னால், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். அவள் ஒருநாளும் முதலில் சொன்னதில்லை.

ஒராசியோ குனிந்துகொண்டான். "எரிக்காம அவங்களுக்குக் குடுத்தேன். கட்டுரைல என் பேரப் போடறேன்னாங்க. போடல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"ஒன்பது வருஷமா தொண்டையிலேயே நிக்குது."

குவளையை மேசையில் வைத்தான். "உன் அடுத்த கட்டுரைல உன் பேருக்குப் பக்கத்துல என் பேரையும் போடு, டெலியா."