புள்ளி விழாத இடம்

மூன்றாவது முறையும் அந்த இடத்தில் மட்டும் புள்ளி விழவில்லை.

முத்துக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தான். எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எங்கே இருக்கக்கூடும் என்றுதான் கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, தற்செயலாகப் பல்லாயிரம் புள்ளிகளை உதிரவிட்டு, அதில் பூக்கும் உருவத்தைப் பட்டுச் சேலையில் நெய்ய வைப்பது அவன் கண்டுபிடித்த கலை. சென்னைக் கண்காட்சிக்கு அவன் பெயர் அச்சாகிவிட்டது, நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையமே பேசியது. ஆனால் முந்தானை நடுவே, சமன்பாட்டில் இல்லாத ஒரு கையகல வெற்றிடம். ஏதோ சுருண்டு படுத்திருப்பது போல இருந்தது.

"அத்த அப்டியே உட்டுடு தம்பி," என்றாள் தறியில் கோக்கும் துளை அட்டைகளை வாங்க வந்த சம்பூர்ணம். அந்தச் சேலையை நெய்யப்போகிறவள் அவள்தான். "எதுவோ ஒண்ணு கையகலம் எடம் கேட்டுக்கினு கீது. குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

"எலெக்ட்ரானுக்குப் பட்டா எழுதித் தரணுமாக்கா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் எட்டு மாதச் சுமையோடு படுத்திருந்த அவன் மனைவி புவனேஸ்வரியிடம், தான் காய்ச்சி எடுத்துவந்த கஞ்சியை வைத்துவிட்டு, அட்டைகளைச் சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனாள். இரண்டு கரு தங்காமல் போன வீடு அது.

சாப்பாட்டு நேரம். தெருவில் தறிகள் ஓய்ந்திருந்தன. வெயிலில் காயும் சாய நூலின் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்து அறையில் தேங்கி நின்றது. அட்டையில் துளை இருந்தால்தான் தறியில் இழை எழும்பும். வெற்றிடத்துக்குரிய அட்டைகளைப் பிரித்தெடுத்து, கையாலேயே துளை போட்டு அந்த இடத்தை நிரப்ப உட்கார்ந்தான்.

டக்.

"ஏங்க, உதைக்குதுங்க!" என்று உள்ளிருந்து புவனேஸ்வரி கூவினாள்.

டக்.

"பாருங்க, மறுபடியும்! உங்க சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கினு இருக்குது. அப்பன் பைத்தியம் இப்பவே புடிச்சிக்கிச்சு."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. பத்துத் துளை. இருபது. நாற்பதாவது துளையில் அவள் சிரிப்பு நின்று, "அம்மா" என்று வலியில் முனகியது குரல். அவன் கையை நிறுத்தினான். அங்கேயும் அமைதி. துளைத்தான். "அம்மா."

தற்செயல்.

மீண்டும் நிறுத்தினான். அமைதி. துளைத்தான். "அம்மா."

இன்னும் ஏழெட்டுத் துளைகள்தான். நிறுத்தியிருக்கலாம். ஒரு கையகலம், அவ்வளவுதான் கேட்டது. அச்சடித்த தன் பெயரை நினைத்துக்கொண்டான்.

டக். டக். டக்.

கடைசித் துளை.

பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

"புவனா?"

ஓடினான். சுவரில் சாய்ந்து, வயிற்றை இரு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"நின்னு போச்சோன்னு பயந்துட்டேங்க. இல்ல. தோ, அசையுது. தொட்டுப் பாருங்க."

கையை வைத்தான்.

உதை இல்லை. தோலுக்கடியில் பென்சில் முனையளவு ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. ஒரே வரிசை. அட்டையில் அவன் போட்ட துளைகளைப் போலவே இடைவெளி பிசகவில்லை.

"எவ்ளோ சமத்தா ஆடுது, பாத்தீங்களா?"

கையை எடுக்க முடியவில்லை. வரிசை முடிந்தது. அடுத்த வரிசை தொடங்கியது. அவன் உள்ளங்கைக்குக் கீழே, உள்ளிருந்து, மிக மெல்ல.

டக்.