துவர்மறைப்பி

சேனாபதி எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி, ஆறியதும் அதில், கசப்பிருந்தால் சிவக்கும் கசப்பறிக் குச்சியை நனைத்தான். நிறம் மாறவில்லை. நேற்றைய ரசத்திலும் நனைத்துப் பார்த்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். வேப்பங்கொழுந்து கொஞ்சம் ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு பால் சங்கக் கூட்டத்துக்குப் புறப்பட்டான்.

மூன்று வருடமாக மழையில்லை. சோளத்தட்டு இல்லை. ஆனாலும் மாடுகள் கொழுத்திருந்தன. புளியங்கொட்டைத் தோலும் கருவேலம்பட்டையும் கலந்த தீவனம். அவற்றிலுள்ள துவர்ப்பொருள், அளவோடு சேர்ந்தால், புரதத்தைப் பற்றிக்கொண்டு மாட்டின் முதல் வயிற்றில் வீணாகாமல் காக்கும். ஏப்பத்தில் போகும் வாயுவையும் குறைக்கும். வாய் சுருங்குவதால் மாடுதான் தின்னாது. அதற்குத்தான் துவர்மறைப்பி. ஒரு சிட்டிகை கலந்தால் நாக்குக்குத் துவர்ப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது.

அது பாலிலும் இறங்குகிறது என்று சங்கத்தின் தீவன ஆலையில் வேதியியல் பார்க்கும் சேனாபதி சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவன் மனைவி வினோதா சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்திருந்தாள். எப்போதாவது ஒரு சுரைக்காய் கசக்கும், கசந்தால் நஞ்சு. வாயில் பட்டதும் எவரும் துப்பிவிடுவார்கள். அவள் டம்ளர் முழுவதும் குடித்திருந்தாள். ஆகவே தெரிந்தே குடித்தாள் என்று ஊர் முடிவு செய்தது. அவளுடைய அப்பா சடையப்பன் அன்றிலிருந்து மருமகன் முகத்தைப் பார்ப்பதில்லை.

கூட்டத்தில் சேனாபதி வேப்பங்கொழுந்தை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தான்.

"மென்னு பாருங்க."

"ஏந்தம்பி, எங்களையும் மாடாக்கிட்டயா?" என்றார் தலைவர் ரத்தினமூர்த்தி. எல்லாரும் சிரித்துக்கொண்டே மென்றார்கள்.

"முருங்கக்கீரையாட்டந்தான் இருக்குது" என்றது ஒரு குரல்.

ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது.

நாலு மாடு வைத்திருக்கும் செல்லாத்தாள் எழுந்தாள். "எம்பையன் கசாயத்த அழுவாமக் குடிச்சானுங்க. புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன்."

"நிறுத்துனா ஆறு வாரத்துல ருசி திரும்பிருமுங்க" என்றான் சேனாபதி.

"ஆறு வாரம் மாடு என்னத்தத் திங்கும்? அத மொதல்ல சொல்லு தம்பி" என்றார் தலைவர்.

கை தூக்கச் சொன்னார்கள். நிறுத்த வேண்டாம் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. செல்லாத்தாளின் கை கடைசியாக. வீட்டுக்கு ஒரு கட்டு கசப்பறிக் குச்சி கொடுப்பதென்று முடிவாயிற்று.

"அரிசி விக்கிற வெலைக்குப் புளியங்கொட்டத் தோல நாமளே திங்கலாமாட்ட இருக்குது" என்றார் பின்னால் ஒருவர். தலைவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

கூட்டம் கலையும்போது சடையப்பன் வந்து சேனாபதியின் முன்னால் நின்றார். வாயோரத்தில் பச்சைச் சாறு.

"மாப்ள. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. எம்புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு? 'அப்பா'ன்னு கூப்பிட்டுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

அவள் யாரையும் கூப்பிடவில்லை. சேனாபதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டு பேசினாள். அவன் செருப்பு மாட்டுவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. பிறகு ஆஸ்பத்திரி. பேச்சு இல்லை.

அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. உங்களுக்கும் ஒரு டம்ளர் ஊத்தட்டுங்களா?"