லிந்துலை உடனடி

மரண அறிவித்தலில் இருந்த முகம் தன்னுடையது என்பதைவிட, அந்தப் படத்தில் தான் உடுத்தியிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர்தான் லியனார்ட்டை முதலில் உறுத்தியது. அன்று காலைதான் அதன் உறையைப் பிரித்து மாட்டியிருந்தான். படத்தில் அவன் கண்கள் மூடியிருந்தன. அறிவித்தல் வந்திருந்ததோ அவனுடைய சொந்த முகநூல் செய்திப் பக்கமான ‘லிந்துலை உடனடி’யில். அதன் கடவுச்சொல் மனைவி மார்கிரட்டுக்குக்கூடத் தெரியாது.

எவனோ பொறாமையில் செய்த வேலை என்று அழித்துவிட்டுப் பல் துலக்கப் போனான். திரும்பி வந்தபோது அது மறுபடியும் இருந்தது. நானூறு பேர் அனுதாபம் எழுதியிருந்தார்கள்.

பக்கத்தை அறுபதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அவர்களைக் கோழிகள் என்பான் லியனார்ட். எதை வீசினாலும் கொத்தும். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சண்டை, ஓடிப்போன பெண்ணின் படம், விபத்தில் நசுங்கிய கால் என்று யாரையும் கேட்காமல் வீசினான். இடையிடையே துணிக்கடை விளம்பரம். போன மாதம் மரக்கிளை விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வேலாயியை, உயிர் இருக்கும்போதே செத்ததாகப் போட்டான். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவள் மகள் அதைப் பார்த்துத்தான் அம்மா செத்துவிட்டதாகத் தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் கழித்து வேலாயி இறந்தபோது, செய்தி கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான் என்று சிரித்தான்.

அனுதாபம் எழுதியவர்களில் ஹட்டனில் இருக்கும் மைத்துனன் றிச்சர்ட்டும் இருந்தான். அவனை அழைத்துத் திட்டினான் லியனார்ட்.

“செத்தவரோட போன வச்சிக்கிட்டு வெளையாடாதீங்க,” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் துண்டித்தான் றிச்சர்ட்.

வெளியே பத்து மணிக்கே மலையை மூடியிருந்த பனிமூட்டம் முற்றம்வரை இறங்கி, தகரக்கூரையில் சொட்டுச் சொட்டாக வடிந்து, தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வதங்கும் வாசனையோடு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கசிந்துகொண்டிருக்க, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கதவைத் திறந்தான். வாசலில் பக்கத்து வீட்டு செல்லசாமி சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க செய்றீங்க?”

செல்லசாமி போனைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“பேஜ்ல போட்டிருக்குங்களே,” என்றார், கோபமே இல்லாமல். முடிச்சை இறுக்கினார்.

லியனார்ட் உடனே நேரலையில் வந்தான். தான் உயிரோடு இருப்பதாகவும், நம்பியவர்கள் மடையர்கள் என்றும் கத்தினான். கருத்துகள் விழத் தொடங்கின. பழைய வீடியோ. பாவம், நல்லாப் பேசுவாரு. பொட்டி எத்தனை மணிக்கு வருது? மொகத்தக் கிட்ட காட்டுங்க.

கோழிகள், என்று முணுமுணுத்தான்.

பனிக்குள் ஒரு வேன் நின்றது. அவனுக்கு வழக்கமாக விளம்பரம் கொடுக்கும், இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையின் வேன். நான்கு பேர் சவப்பெட்டியை இறக்கினார்கள். அவனைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்கள். ஒருவன் தோளில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். கேட்டது பெட்டியிடமா, அவனிடமா தெரியவில்லை.

முன்னறையில் மெழுகுவர்த்தி வாசனை. வெள்ளைச் சேலையில் மார்கிரட். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். பெட்டியின் தலைமாட்டில் ஒரு தாங்கியில் அவள் போன்.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். அதைப் பார்த்தபடியே அவன் ஸ்வெட்டர் கழுத்தை நீவிச் சரிசெய்தாள்.

“கொஞ்சம் படுத்துக்குங்க,” என்றாள் மெதுவாக. “பன்னெண்டாயிரம் பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

பின்னால் கைகள். செல்லசாமியின் கை. இன்னும் பல. முரட்டுத்தனமில்லை. நோயாளியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். உதைத்தான். பெட்டிக்குள் கிடத்திக் கால்களை நேராக்கினார்கள்.

மேலே போன்கள். வட்டமாக. முகங்கள் இல்லை. கறுத்த சின்னக் கண்கள் மட்டும்.

கத்தினான்.

முன்பின் தெரியாத ஒரு பெண் பெட்டியோரம் குனிந்தாள். அவன் கன்னத்தோடு தன் கன்னத்தைச் சேர்த்தாள். போனைத் தங்கள் இருவர் பக்கமும் திருப்பினாள். திரையில் சோகமாக்கிய அவள் முகம். பக்கத்தில் அலறும் அவன் முகம். அவள் முகம் சுளித்தாள்.

அவன் வாய் படத்தில் விழாதபடி போனைக் கொஞ்சம் உயர்த்தினாள்.