உழாத மண்ணின் வேர்

சாடிகள் அடுக்கிய அந்த அறையில் ஸ்பிரிட்டும் பிளீச்சும் தவிர வேறு வாடை வரக் கூடாது. அன்று மதியம் ஈர மண் வாடை வந்தது. ஓர்வில் சாஸ்ட்ரோ கதவருகிலேயே நின்றுவிட்டார். வெளியே விஸ்கான்சின் பனி முழங்காலளவு கிடந்தது. அதனடியில் பூமி கல்லாக இறுகியிருந்தது. சாடிகளுக்குள்ளும் மண் கிடையாது, தெளிந்த கூழ் மட்டும்தான். அதில் வளர்க்க இட்டிருந்த ஜின்செங் மருந்துவேரின் துண்டுகள் வெளிர்க் கட்டிகளாகத் திரண்டு, விளக்கொளியில் ஈரமாக மினுங்கின.

தம்பி மகள் ஜனெல் முகமூடியைக் கழற்றினாள்.

"பெரியப்பா, இது மொத்தத்தையும் வேக வெச்சுக் கொட்டிடலாம். என்னமோ சரியில்ல."

"பூஞ்சை பிடிச்சிருக்கா?"

"அது பிடிச்சிருந்தா நான் ஏன் பயப்படப்போறேன்? தொட்டா வெதுவெதுன்னு இருக்கு."

"நாளைக்கு ஹாங்காங்லேர்ந்து வேர் வாங்குறவங்க வர்றாங்க. காலி அலமாரியைக் காட்டி, சாஸ்ட்ரோ வேர் செத்துப்போச்சுன்னு சொல்லவா?"

"சொன்னா என்ன, உங்க மீசை உதிர்ந்துடுமா?"

"பேரு உதிரும். நீ வீட்டுக்குப் போ."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். "இந்தத் துண்டையெல்லாம் வெட்டின தாய்க்கிழங்கு எந்தத் தோட்டத்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நம்ம மண்ணுது."

அவள் கார்ச் சத்தம் பனிக்குள் தேய்ந்தது.

சொன்னது பொய்யில்லை. ஜின்செங் ஒருமுறை விளைந்த மண்ணில் மறுபடி நட்டால் வேர் அழுகிவிடும். சாஸ்ட்ரோக்கள் தலைமுறை தலைமுறையாகப் புது நிலம் தேடி நட்டு நட்டு, கடைசியில் நடாத இடம் ஒன்றே மிஞ்சியது: கொட்டகைக்குப் பின்னாலிருந்த குடும்பக் கல்லறை. சில ஆண்டுகளுக்கு முன், அப்பா எமிலின் தலைமாட்டில் ஓர்வில்தான் விதை போட்டார். யாருக்கும் சொல்லவில்லை. மற்ற தோட்டங்கள் எல்லாம் அழுக, அங்கே மட்டும் வேர் கொழுத்தது. அதைத்தான் தோண்டி நறுக்கிச் சாடிகளில் இட்டிருந்தார்.

ஒரு துண்டைப் பத்தாக்கலாம். இந்த வேலையின் லாபமே அதுதான். அலமாரி இன்றே நிரம்ப வேண்டும். கிருமி அண்டாமல் காற்று வீசும் கண்ணாடிப் பெட்டியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, கத்தியைச் சுடரில் காட்டி ஆறவிட்டு, இடுக்கியால் முதல் கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். அது சுருங்கியது. விளக்கொளியில் அப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டார். வெட்டினார். கசிந்த நீர் சிவப்பாக இருந்தது.

துடைத்தார். மறுபடி வெட்டினார்.

மண் வாடை தொண்டைவரை ஏறியது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது போலிருந்தது. திரும்பவில்லை. நாளை அவர்கள் வருவார்கள். பேர் நிற்க வேண்டும். வெட்டு. சாடியில் போடு. மூடு. வெட்டு.

கடைசி மூடியைத் திருகிப் பெட்டியின் காற்றை நிறுத்தினார்.

அமைதி.

இல்லை. கண்ணாடியில் மெல்ல ஒரு தட்டல். பக்கத்துச் சாடியில் இன்னொன்று. பிறகு அலமாரி முழுக்க.

திரும்பினார்.

ஒவ்வொரு சாடியிலும், கூழை விலக்கிக்கொண்டு, கண்ணாடியில் அழுந்திய ஒரு வாய். குதிரை உதைத்துக் கிழிந்து, கோணலாகத் தைத்துவிட்ட அப்பாவின் மேலுதடு. பெரிதும் சிறிதுமாக. இப்போது வெட்டியவற்றில் இன்னும் சிவப்பு வடிந்தது.

அத்தனை உதடுகளும் ஒன்றாக அசைந்து, அவர் பெயரைச் சொல்லக் குவிந்தன.