கழற்றி வைத்த கம்ப்ரஸர்

ஏசி வாயு மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. ஆனாலும் குழாய் வியர்த்துக்கொண்டிருந்தது.

ஷெட்டில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. கார் ஏசியைக் கழற்றப் பேட்டரி வயரை எடுப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொற்பொழிவாற்றுவார். இந்தக் காருக்கு மட்டும் சொற்பொழிவு இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே தூங்கியவர் எழுந்திருக்கவே இல்லையாம். டாக்டர் கையுறை மாட்டினார், பேட்டரி வயரை எடுத்தார், மிச்சமிருக்கக்கூடிய வாயுவையும் மெஷினால் இழுத்தார், பெல்ட்டை உருவினார், எரிந்த எண்ணெயும் ரப்பரும் மணக்கும் அந்த மதிய வெக்கையில் ஒவ்வொரு போல்ட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.

“என்ன மாமா, புதுசா பயபக்தி?” என்றான் முன்சீட்டில் கதவை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்த மச்சான். மனைவியின் ஒரே தம்பி.

இறங்குடா என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பயம் தெரிந்துவிடும்.

கம்ப்ரஸரைத் தூக்கிப் பத்தடி தள்ளியிருந்த மேஜையில் வைத்தார்.

“கலக்கிட்டீங்க மாமா! சில்லுனு வருது.”

“கம்ப்ரஸர் இங்க மேஜை மேல இருக்குடா.”

“அப்ப இது யாரு விடுற காத்து?” மச்சான் சிரித்தான்.

டக்.

மேஜையில் கம்ப்ரஸரின் முன்தட்டு சுழலத் தொடங்கியது. பெல்ட் இல்லை. வயர் இல்லை. காரின் கண்ணாடி ஓரங்களில் உட்புறமாகப் பனி ஏறியது.

“டேய், இறங்கு!”

“அஞ்சு நிமிஷம் மாமா... தூக்கம் சொக்குது.”

கார் கதவின் கைப்பிடி அசையவில்லை. ஸ்பானரால் அடித்தார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

மேஜைக்கு ஓடிவந்து தட்டை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். நின்றது. திரும்பிப் பார்த்தார். மச்சானின் நெஞ்சும் நின்றிருந்தது.

கையை எடுத்தார். தட்டு சுழன்றது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் உடம்பில் பனியும் ஏறியது. கழுத்து வரை.

பிடித்தார். மூச்சில்லை.

விட்டார். தாடை வரை.

இவன் அக்காவுக்கு என்ன சொல்வது?

மறுபடி பிடித்தார்.

“நிறுத்தாதீங்க மாமா.”

குரல் மச்சானுடையது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடுகள் உறைந்து ஒட்டியிருந்தன. கண்கள் மட்டும் திறந்து, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.