சிரித்துக்கொண்டே திருடியவன்

சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, உலு திராம் ஊரில் ஒரு ரொட்டி சானாய் பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் வாசுகியின் அலுவலகம் இருந்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பொய் விபத்துகளைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஆட்களும் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று வந்தவள் ஷர்மைன். பெக்கான் நானாஸ் ஊர்க்காரி. உட்கார்ந்ததும் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கறது கில்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆன்ட்டி. எனக்கு நிச்சயம் பண்ணவரு. எங்க கோயில் மாதா சிலையோட கிரீடத்தைத் திருடிட்டாருன்னு, சபைத் தலைவரா இருக்கற எங்கப்பாவே மைக்குல சொல்லி, பாடகர் குழுவுலருந்து நீக்கிட்டாரு. வர்ற ஞாயிறு பூசையில எங்க கல்யாணத்தை அறிவிக்கற ஓலை வாசிக்கணும். அதுக்குள்ள உண்மை தெரியலன்னா மோதிரத்தைத் திருப்பிக் கொடுன்னு அப்பா சொல்லிட்டாரு."

முதல் படம் கை ஆடி எடுத்தது. பீடம், தூண், நாற்காலி எல்லாமே இழுபட்டுக் கிடந்தன. பீடத்தருகே அணையாமல் எரியும் சிவப்பு விளக்குகூட ஒரு புள்ளியாக இல்லாமல் புழுபோல நெளிந்திருந்தது. நடுவே, மாதா சுரூபத்துக்கு முன்னால், முக்காலிமேல் ஏறி நின்ற ஓர் உருவம்.

இரண்டாவது படம் அதையே தெளிவாக்கியது. அதில் கில்பர்ட் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"திருடுறவன் சிரிப்பானா?" என்றார் வாசுகி.

"திமிருன்னு சொல்றாங்க." ஷர்மைன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெளிவாக்கினது என் தம்பி திமோத்தி. படம் எடுத்தது அப்பா. அவருக்குக் கை நடுக்கம். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வழக்கப்படி மறுநாள் சுரூபங்களை ஊதாத் துணியால மூடப் போறாங்கன்னு, மூடுறதுக்கு முன்னாடி பீடத்தை ஒரு படம் எடுத்திருக்காரு. கண்ணாடி போடாததால ஆள் நிக்கறதை அவர் கவனிக்கல."

"கிரீடம் இல்லாதது எப்பத் தெரிஞ்சுது?"

"ஈஸ்டர் ராத்திரி துணியை எடுத்தப்ப. மூடுறதுக்கு முன்னாடி கிரீடத்தைக் கழட்டி அலமாரியில வைக்கறது வழக்கம். துணி போர்த்துன பொம்பளைங்க, யாரோ கழட்டி வச்சுட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க. அலமாரியில பார்த்தா இல்ல."

"நிச்சயதார்த்தம் எப்ப நடந்துச்சு?"

"தவக்காலத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டோம். அப்புறம் விருந்து, பூ எதுவும் கூடாதில்லையா. திமோத்திதான் போட்டோ எடுத்தான். அவன் போன் முழுக்க நாங்கதான்."

அப்போது வாசுகியின் உதவியாளர் ஹேமநாதன் உள்ளே வந்தார். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். நாற்பதைத் தாண்டியும் எந்த வழக்கு வந்தாலும் ஆவல் தாங்காது. நம் ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரையும்போல, நெஞ்சில் காற்றுப் படாமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார். கதவைச் சாத்தத் திரும்பியவரின் முதுகையே வாசுகி சற்று நேரம் பார்த்தார். பிறகு படங்களை நீட்டினார்.

"அந்தத் தெளிவான படத்தைத் தொடாதீங்க. ஆடின படத்தை மட்டும் சரி பண்ணுங்க."

ஹேமநாதன் கணினியைத் திறந்தார். அவரிடம் இருந்தது பழைய மென்பொருள், ஒரு தட்டலில் வேலை முடிக்காது. கை எந்த வழியாக ஆடியது என்று நாம்தான் அதற்குக் காட்ட வேண்டும்.

"விளக்கு ஒரு புள்ளிதானே?" என்று ஷர்மைனுக்கு விளக்கினார். "அது நெளிஞ்சிருக்கற கோடுதான் உங்கப்பா கை போன பாதை. படத்துல இருக்கற எல்லாமே அதே பாதையிலதான் இழுபட்டிருக்கும். இந்த மென்பொருள் அதைத் திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். புதுசா எதையும் வரையாது."

மெல்ல மெல்லப் படம் தெளிந்தது. நெளிந்த விளக்கு புள்ளியாகச் சுருங்கியது. தூணின் விளிம்பு நேரானது. முக்காலிமேல் நின்ற உருவத்தின் ஜாக்கெட் திறந்திருப்பது தெரிந்தது. தலை இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம், அதன் கீழ்ப்பாதியில் வெள்ளையாய் ஒரு வளைவு.

"ஜாக்கெட் திறப்பு நம்ம பக்கம் இருக்கு. ஆள் நம்மைப் பார்த்துத்தான் நிக்கறான்," என்றார் ஹேமநாதன் ஏமாற்றத்தோடு. "மூஞ்சி மட்டும் வரல, அக்கா. தலையை ஆட்டியிருப்பான்."

"ஆட்டியிருந்தா அந்த வெள்ளை வளைவும் கலைஞ்சிருக்கணுமே," என்றார் வாசுகி.

மறுநாள் வாசுகியும் ஹேமநாதனும் பெக்கான் நானாஸ் போனார்கள். மாதா கோயில் வாசலில் பூக்காரி செல்வராணி கடை போட்டு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, கொண்டையைச் சுற்றி மல்லிகை, கடையோரம் அவளுடைய பழைய மோட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் உள்ளே போய் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றுவாளாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகன் எல்லையிலுள்ள தம்பாக் பாலத்தில் விபத்தில் சிக்கிப் பிழைத்ததை அவளே சொன்னாள். கிரீடத்தைப் பற்றிக் கேட்டதும் நூல் அறுந்துவிட்டதென்று குனிந்துகொண்டாள்.

திமோத்தி அலட்டிக்கொள்ளவில்லை. "ஆப்புல போட்டேன், வந்துச்சு. நம்ம ஆல்பத்தைத் திறந்து விட்டா இன்னும் நல்லா வேலை செய்யும்னு அதுவே சொல்லுது. ஏஐ பொய் சொல்லாது, ஆன்ட்டி."

கில்பர்ட் காரில் வந்து இறங்கினான். படம் எடுத்த அன்று, செனாய் ஊரில் இரவு வேலை முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். தூங்கியவனுக்குச் சாட்சி யார்? அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"மோட்டார் ஓட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார் வாசுகி.

"வராது. எனக்குப் பயம்."

சனிக்கிழமை மாலை வாசுகி எல்லாரையும் கோயிலுக்குள் உட்காரவைத்தார். ஷர்மைனின் அப்பா மரியநாதன் முன்வரிசையில் விறைப்பாக இருந்தார். ஷர்மைனும் கில்பர்ட்டும் ஆளுக்கொரு பெஞ்சில். செல்வராணி கடைசித் தூணருகே நின்றாள்.

"முதல்ல ஒரு சோதனை," என்றார் வாசுகி. "திமோத்தி, அதே ஆப்பை உங்கப்பா போன்ல ஏத்தி, அதே ஆடின படத்தைப் போடுங்க. அப்பா ஆல்பத்தையும் திறந்து விடுங்க."

திமோத்தி தட்டினான். மரியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். முக்காலிமேல் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது திமோத்தி.

"அலமாக், ஐயையோ!" என்றான் அவன். "நான் இல்லப்பா!"

"நீங்க இல்லதான். அப்பா போன் முழுக்க உங்க பட்டமளிப்புப் படங்கள், உங்க போன் முழுக்க கில்பர்ட்டோட நிச்சயதார்த்தம். தெரியாத முகத்துக்கு அது தெரிஞ்ச முகத்தை எடுத்து ஒட்டுது."

"நேத்து என் போன்ல என் மாமியார் வந்தாங்க," என்றார் ஹேமநாதன். "ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

வாசுகி இன்னொரு படத்தை உயர்த்திக் காட்டினார்.

"ஆனா அந்த ஆப்பு எல்லாத்தையும் கற்பனை பண்ணல. எந்த முகம் வந்தாலும் பல் தெரியுது பாருங்க. அங்க நிஜமாவே ஒரு வெள்ளை வளைவு இருக்கு. அது என்னன்னு பார்க்க, ஹேமநாதன் தெளிவாக்கின இந்தப் படம் போதும். இதுல கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. ஏன்னா அது முகமே இல்ல, பின்தலை. படத்துல இருக்கறவரு நமக்கு முதுகு காட்டி நிக்கறாரு."

"ஜாக்கெட் நம்ம பக்கம் திறந்திருக்கே!" என்றார் மரியநாதன்.

"ஹேமநாதன், எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்புங்க."

ஹேமநாதன் திரும்பினார். முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட், முதுகில் திறந்து தொங்கியது. தினமும் சாலையில் பார்க்கும் காட்சிதான். பார்த்துப் பார்த்துப் பழகியதால் யாருக்கும் தோன்றவில்லை.

"கால் பக்கம் பாருங்க. செருப்போட குதிகால் நம்மை நோக்கி இருக்கு. கிரீடத்தைக் கழட்டுறவரு மாதாவைப் பார்த்துத்தானே நிக்கணும்? அப்போ ஜாக்கெட்டை முன்பின்னா மாட்டியிருக்காரு, மோட்டார்ல வந்தவரு. பின்தலையில வெள்ளை வளைவுன்னா, அது கொண்டையில வச்ச மல்லிகைச் சரம். பெண். ஐயா, தவக்காலத்துல உங்க சபைப் பெண்கள் பூ வைப்பாங்களா?"

"மாட்டாங்க," என்றார் மரியநாதன். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ உங்க சபை ஆள் இல்ல. ஆனா முக்காலி இருக்கற இடம் தெரிஞ்சவரு, மறுநாள் துணி போர்த்துவாங்கன்னும் தெரிஞ்சவரு."

வாசுகி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. செல்வராணி நடந்து வந்து, தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"திருடலம்மா. மகன் பிழைச்சா கிரீடத்துக்குத் தங்க முலாம் பூசறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். வேண்டுதலை முடியறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க வழக்கம். துணி மூடியிருக்கற நாளுக்குள்ள திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன். முலாம் பூசறவரு ஊருக்குப் போயிட்டாரு. கிரீடம் கைக்கு வந்தப்ப, இந்தத் தம்பி படம் எல்லார் போன்லயும் இருக்கு. பூக்காரி மாதா கிரீடத்தைத் தூக்கிட்டான்னு சொன்னா, என் வேண்டுதலை யாரு நம்புவாங்க?"

கில்பர்ட் எழுந்தான். இத்தனை நாள் அடக்கியது ஒரேயடியாக வெளியே வந்தது.

"அக்கா, நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாம உங்க கடையைத் தாண்டித்தான் தினமும் போனேன். நீங்க பார்த்துக்கிட்டே பூ கட்டினீங்க!"

செல்வராணி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மனுஷனை இப்படித் தவிக்கவிட்டு எந்த மாதாவுக்கு எந்தப் பொன் பூசி என்ன பயன்? வாசுகிக்கும் அவள்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் அவர் வெளியே காட்டவில்லை.

மரியநாதன் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு ஓலை வாசிச்சிடலாம், தம்பி."

"வாசிங்க, அங்கிள்," என்றான் கில்பர்ட். "ஆனா அதுக்கு முன்னாடி அதே மைக்குல, அதே ஆளுங்க முன்னாடி, நீங்க சொன்னது தப்புன்னு சொல்லணும். இல்லன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

மரியநாதன் பெருமைக்கார மனிதர். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஷர்மைன் தன் இடத்தை விட்டு எழுந்து, கில்பர்ட் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்ப்பா."

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஊர் வாய் அப்படி. வாசுகியும் ஹேமநாதனும் பின்வரிசையில் இடம் பிடித்தார்கள். மாதா தலையில் கிரீடம் ஏறியிருந்தது. செல்வராணி வாசல்வரைதான் வந்தாள். கில்பர்ட்டே போய் உள்ளே கூப்பிட்டும், படியிலேயே நின்றுகொண்டாள்.

மரியநாதன் மைக் முன்னால் வந்தார். எழுதி வைத்திருந்த தாளை ஒருமுறை பார்த்தார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கில்பர்ட் திருடல," என்றார். "ஒரு படத்தை நம்பி, வீட்டுக்கு வர்ற மருமகனை நான் நம்பாம போயிட்டேன். தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் இறங்கி உட்கார்ந்ததும் ஃபாதர் ஓலையை வாசித்தார். கில்பர்ட்டுக்கும் ஷர்மைனுக்கும் நடக்கவிருக்கும் இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோயிலில் யாரும் வாய் திறக்கவில்லை.