மறுபக்கச் சன்னல்

மதுக்கரை மலையடிவாரத்துப் பழைய மாதா கோயிலுக்கு அமிர்தநாதன் மொபெட்டில் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஆளே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே நெருப்பாய் வெயில். உள்ளே தடித்த சுவர்களுக்கு நடுவே ஈரக் குளிர்ச்சி. கரண்ட் இல்லை. உருகிய மெழுகும் வௌவால் எச்சமும் கலந்த வாடை.

பதினோரு வருடமாக அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போக மாட்டார். மனைவி கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்று அவரைத் துரத்திக்கொண்டு வந்தது ஒரு சத்தம். முன்பெல்லாம் எப்போதாவது கேட்கும். இப்போது பட்டப்பகலில், சோற்றில் கை வைக்கும்போதும் கேட்கிறது. யாரோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புல்லறுக்கும் சத்தம்.

சரக். சரக். சரக்.

மூலையில் கருத்துப்போன மரக்கூண்டு. நடுவில் சாமியார் உட்காருவார். இரண்டு பக்கமும் மண்டியிட இடமும், வலை அடித்த சிறு சன்னலும், ஒரு திரையும் உண்டு. ஃபாதர் வின்ஸ்டன் உள்ளே இருந்தார். அமிர்தநாதன் இடப்பக்கம் மண்டியிட்டார்.

முதல் வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபின் நிற்கவில்லை. கல் குவாரியில் அபாயச் சங்கு ஊதுவது அவர் வேலை. வெடி வைக்குமுன் பள்ளத்தில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டியதும் அவர்தான். பக்கத்துத் தோட்டத்து அங்கப்பனின் மனைவி செவ்வந்தி, பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆட்டுக்குப் புல்லறுக்கப் பள்ளத்தில் இறங்கினாள். அன்றைக்கென்று சங்கு பழுது. கொடியோடு இறங்கிப் போய்க் குரல் கொடுத்திருக்க வேண்டும். வெயிலுக்குச் சோம்பி, அவர் இறங்கவில்லை. வெடியில் அவள் செத்துப்போனாள். விசாரணையில், கூப்பிட்டேன், அந்தம்மாதான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

"நான் கூப்பிடவே இல்லைங்க, சாமி."

சாமியார் வலைப்பக்கம் குனிந்தார். பிறகு, ஆண்டவர் இந்தப் பதினோரு வருடமும் உங்களுக்காகத்தான் காத்திருந்தார் என்றார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரில் ஏற்றிய பழியை இறக்கி வைக்க வேண்டும், அவள் வீட்டில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். அமிர்தநாதன் சரி என்றார். சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பு வழங்கினார்.

அமிர்தநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்தபோது நெஞ்சு பஞ்சாக இருந்தது. காதுக்குள் அந்தச் சத்தம் இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அமைதியை அவர் அறிந்ததில்லை.

எழுந்து வந்து எதிர் பெஞ்சில் மண்டியிட்டார். கூண்டுக்குள் இடப்பக்கச் சன்னல் சாத்தப்பட்டது.

வலப்பக்கச் சன்னல் திறந்தது.

"சொல்லும்மா," என்றார் சாமியார்.

யாரும் உள்ளே வந்ததை அமிர்தநாதன் பார்க்கவில்லை. வாசல் ஒன்றுதான்; அது அவர் கண்ணெதிரே இருந்தது. வலப்பக்கத் திரைக்குக் கீழே பார்த்தார்.

கால்கள் இல்லை.

சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவே ஏதோ கேள்வி கேட்டார். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த மணம் வந்தது. அப்போதே அறுத்த பசும்புல். அதன் அடியில், வெடிமருந்தின் கந்தகப் புகை.

அமிர்தநாதனின் வாயில் செபம் பாதியில் நின்றது.

வெகுநேரம் கழித்து சாமியார் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. போய் வலப்பக்கத் திரையை விலக்கினார். வெறும் பலகை.

"யாருங்க, ஃபாதர்?"

"அங்க கேட்டதை வெளிய சொல்லக் கூடாதுங்க." கழுத்திலிருந்த ஊதாத் துண்டை எடுத்து மடித்தார். "நீங்க இப்பவே அங்கப்பன் ஊட்டுக்குப் போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

அங்கப்பனின் வீடு மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம். தனியாள். அமிர்தநாதன் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடி விழும் என்று எதிர்பார்த்தார். அங்கப்பன் அடிக்கவில்லை. அன்று காலை மனைவியோடு தனக்குப் பெரிய சண்டை என்றார். செத்துத் தொலை என்று கத்தினாராம். கூப்பிட்டும் வரவில்லை என்று கேட்டபோது, தன் வாய்ச்சொல்தான் அவளைக் கொன்றது என்று நம்பினாராம். இன்றுவரை.

"அப்ப அவ சாகோணும்னு போகலைங்களா?"

"இல்லைங்க. புல்லறுக்கத்தான் வந்தாங்க. அரைமணி நேரத்துல வந்தர்றேன்னு சொன்னாங்க."

அங்கப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். அவர் அழுது ஓயும்வரை அமிர்தநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடந்ததை நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். ஜெயில் என்றாலும் சரி.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மொபெட்டில் ஏறி ஸ்டார்ட் செய்தார். மனம் லேசாக இருந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

காற்று இல்லை. சோளத்தட்டை ஒன்றுகூட அசையவில்லை. அமிர்தநாதனுக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. வாசலுக்கு வந்து நின்ற அங்கப்பனைப் பார்த்தார். அழுது சிவந்த அங்கப்பனின் கண்கள் அமிர்தநாதனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தன.

"மெதுவாப் போங்க," என்றார் அங்கப்பன். "அவளுக்கு வண்டின்னா பயம்."